பெரியத்தை யாரையெல்லாம் கேட்டாங்க

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே எல்லாரும் சுகமா இருக்கோம், உங்கப்பாவோட முழங்காலைத் தவிர. அது மட்டும் வீட்டுல தனி ஆள் மாதிரி இருந்துக்கிட்டு தினம் ஒரு புகார் சொல்லுது. நீ எப்படி இருக்கே, வேளைக்குச் சாப்பிடுறியா, காலையில வெறும் டீயைக் குடிச்சுட்டு ஓடுற பழக்கத்தை விட்டியா இல்லையான்னு கேட்டா, விட்டுட்டேன்னு பொய் சொல்லுவே, அதனால கேட்கலை. உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வருது, என் குரலைக் கேட்டதும் உனக்கு வருது, ரெண்டு பேரும் அழுது முடிக்கிறதுக்குள்ள லைன் கட்டாயிடுது, அதான் பேப்பரை எடுத்துட்டேன். போன வாரம் நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டே. கண்ணை மூடுறதுக்கு முன்னாடி பெரியத்தை என்னைக் கேட்டாங்களாம்மான்னு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உங்கப்பா போனைப் பிடுங்கி, தண்ணித் தொட்டி ஒழுகுறதைப் பத்தி ஒரு பிரசங்கமே பண்ணி முடிச்சு வச்சுட்டார். அவர் அப்படிப் பண்ணினதுலயே நீ ஏதோ புரிஞ்சுக்கிட்டு இருப்பேன்னு எனக்குத் தெரியும். தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டு இருப்பே. ஆமாங்கிற ஒரு வார்த்தையிலயோ இல்லைங்கிற ஒரு வார்த்தையிலயோ முடியற விஷயமா இருந்தா நானே போனைத் திரும்பப் பிடுங்கியிருப்பேன். அது இல்லாததாலதான் இவ்வளவு பேப்பர். கதைப் புத்தகம் வாங்கினா கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, இதுல அந்த வேலை வேண்டாம், ஒழுங்கா முதல்லேருந்து படி.

பெரியத்தையைப் பத்தி எனக்கே சொல்றியான்னு கேட்பே. சொல்லத்தான் வேணும். நீ பார்த்தது வயசாகி, பல்லும் போயி, கொஞ்சம் கனிஞ்ச பெரியத்தையை. எனக்கு நாத்தனாரா வாய்ச்சது முழுக் காரத்தோட இருந்த ஆள். உனக்குப் பெரியத்தை, எனக்கு அண்ணி, ஊருக்கு நாற்காலி அத்தை. கல்யாணமோ கூட்டமோ சாவோ, இந்த ஊர்ல நாலு பேர் கூடினா உட்கார நாற்காலி, பரிமாற மேசை, சமைக்க அண்டா, தொங்கவிட விளக்கு எல்லாம் அவங்க கடையிலேருந்துதான் வாடகைக்குப் போகணும். கடை எப்படி ஆரம்பிச்சதுன்னு உனக்குத் தெரியுமோ என்னவோ. அவங்க கல்யாணத்துக்கு வேற யாரோ வாடகைக்கு அனுப்பின நாற்காலியில மாப்பிள்ளை போய் உட்கார்ந்திருக்கார், நாற்காலிக் காலு மடங்கி மனுஷன் மல்லாக்க விழுந்துட்டார். சபையே திகைச்சுப் போய் நிக்குது, கல்யாணப் பொண்ணு மட்டும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்களாம். சிரிச்சு முடிச்சு எழுந்து போய், ஆணி எங்கே விட்டிருக்குன்னு நாற்காலியைத் திருப்பிப் பார்த்தாங்களாம். மாப்பிள்ளையைத் தூக்கி விட்டது வேற யாரோ. அடுத்த மாசமே நாலு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டு வாசல்ல பலகை மாட்டியாச்சு. அந்த மாமா தங்கமான மனுஷனாம், நான் விழுந்ததுலதான் இந்தக் கடை எழுந்ததுன்னு போறவர் வர்றவர்கிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லுவாராம். நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவர் போயிட்டார். அவங்களுக்குக் குழந்தை இல்லை. தாய் தகப்பன் இல்லாத ரெண்டு தம்பிகளை, அதாவது உங்கப்பாவையும் சித்தப்பாவையும், அந்த நாற்காலிகளைத் தூக்கி இறக்கித்தான் ஆளாக்கினாங்க.

எழுதி வைக்கிற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது. எது எந்த வீட்டுக்குப் போச்சு, எது வந்தது, எது வரலை, எல்லாம் தலைக்குள்ளே. ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில சிவப்பு வட்டம் போட்டு நடுவுல வெள்ளைக் கோடு ஒண்ணு இழுத்திருப்பாங்க, அதுதான் நம்ம கடை அடையாளம். யார் வீட்டுக்குப் போனாலும், வாங்க உட்காருங்கன்னு நாற்காலியை இழுத்துப் போட்டா உட்கார மாட்டாங்க, முதல்ல அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பாங்க. பேங்க் மேனேஜர் ரூம்ல பார்த்தாங்க, டாக்டர் ரூம்ல பார்த்தாங்க, துக்கம் கேட்கப் போன வீட்டுல கூட, கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லிக்கிட்டே காலால நாற்காலியைச் சாய்ச்சுப் பார்த்ததை என் ரெண்டு கண்ணால பார்த்திருக்கேன். என் கல்யாணமே அப்படி நிச்சயமானதுதான். எங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்கின நாற்காலியில ஒண்ணு திரும்பி வரலைன்னு கேட்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து நின்னாங்க. எனக்கு அப்போ வாய் ஜாஸ்தி. எல்லாத்தையும் நானே நின்னு ஏத்தி அனுப்பினேன், ஒண்ணு கூடக் குறையலை, வயசானவங்க மறந்திருப்பீங்கன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு அப்போ அப்படி ஒண்ணும் வயசே இல்லை. எந்திரிம்மான்னு மட்டும் சொன்னாங்க. எந்திரிச்சேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவிழ்த்தாங்க, சிவப்பு வட்டம் என்னைப் பார்த்துச் சிரிச்சது. எங்கப்பாவுக்கு முகம் தொங்கிப் போச்சு. பெரியத்தை நாற்காலியை மடக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, நாற்காலி என்னுது, எடுத்துட்டுப் போறேன், பொண்ணு உங்களுது, என் தம்பிக்குக் கேட்கிறேன், யோசிச்சு சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போயிட்டாங்க. இவ்வளவு தைரியமாப் பொய் பேசுற பொண்ணு கடைக்கு வேணும்னு நினைச்சதா பின்னாடி சொன்னாங்க. நான் பொய் பேசலை, உண்மையிலேயே எனக்குத் தெரியாதுன்னு எத்தனையோ வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன், கடைசி வரைக்கும் நம்பலை.

அந்த வீட்டுல குடித்தனம் பண்ணினது இருக்கே, அதை யார்கிட்ட சொல்லி அழறது. ஊருக்கே உட்கார இடம் கொடுத்த வீட்டுல எங்களுக்கு உட்கார இடம் கிடையாது. கல்யாணம் மும்முரமா நடக்கிற மாசத்துல நின்னுக்கிட்டே சாப்பிடுவோம், உங்கப்பா சுவத்துல சாஞ்சுக்கிட்டே பேப்பர் படிப்பார். ஒரு சோபா வாங்கலாம் அண்ணின்னு நான் கேட்டதுக்கு, ஒத்தை ஆளால தூக்க முடியாத சாமான் வீட்டுக்கு எதுக்குன்னு கேட்டாங்க. நீ வீட்டுப்பாடம் எழுதினது கவிழ்த்துப் போட்ட அண்டா மேல. அந்த அண்டாவுலதான் ஒருநாள் கண்ணாமூச்சி விளையாடுறேன்னு உள்ளே இறங்கித் தூங்கிப் போனே, ஞாபகம் இருக்கா, இல்லை நாங்க சொல்லிச் சொல்லித்தான் ஞாபகமா. நம்ம லோடு வண்டிக்காரர் பாத்திரம் கனமா இருக்கேன்னு கூட யோசிக்காம உன்னோடயே வண்டியில ஏத்திக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டு போயிட்டார். இங்கே நான் கிணத்தை எட்டிப் பார்க்கிறேன், தெருத் தெருவாக் கத்துறேன். அங்கே சமையல்காரர் மூடியைத் திறந்தா, நீ கண்ணைக் கசக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கே. மனுஷன் கரண்டியைப் போட்டுட்டு ஓடினவர், பெரியத்தை போய்ச் சமாதானம் பண்ணித்தான் அடுப்பு பத்த வச்சார். உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு மண்டபத்துலேருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தாங்க. வந்ததும் நான் உன்னை ஒரு அடி அடிக்கக் கையை ஓங்கினேன், எனக்குத்தான் திட்டு விழுந்தது. லோடு வண்டிக்காரருக்கு விழுந்த திட்டு ரகமே தனி, அவர் இன்னும் எந்தப் பாத்திரத்தைத் தூக்கினாலும் முதல்ல தட்டிப் பார்த்துட்டுத்தான் தூக்குறார்.

உனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சப்போ வீட்டுல நடந்த ரகளை உனக்கே தெரியும். உங்கப்பா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார், சித்தப்பா ஒத்தைப் பொண்ணை யாராவது அவ்வளவு தூரம் அனுப்புவாங்களான்னு கேட்டார், நான் என்ன செஞ்சேன்னு எழுத வெட்கமா இருக்கு, உன் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டேன். பெரியத்தைதான் சித்தப்பாவைக் கூப்பிட்டு ஏணியைப் போட்டு அதை இறக்கச் சொன்னாங்க, அவ போகட்டும், யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சொன்னாங்க. அதுக்கு மேல அந்த வீட்டுல பேச யாருக்கு நாக்கு இருக்கு. ஆனா நீ கிளம்பின அன்னைக்கு, வாசல்ல கார் நிக்குது, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து நிக்கிறாங்க, அவங்க மட்டும் வெளியே வரலை. கடைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டிக்கிட்டு இருந்தாங்க. நீ போய்க் காலைத் தொட்டுட்டு நின்னே, போயிட்டு வான்னு சொன்னாங்களே தவிரத் தலையைத் தூக்கலை. கடையிலேருந்து ஒரு கரண்டி வெளியே போனாக் கூட வாசல்ல வந்து நின்னு விரலை நீட்டி எண்ணி அனுப்புற மனுஷி உன்னை வழியனுப்ப வாசலுக்கு வரலை. அந்த நினைப்பு உன் மனசுல முள்ளா இருக்குன்னு எனக்குத் தெரியும். என் மேல கோபமாம்மா, நான் போனது பிடிக்கலையாம்மான்னு போன்ல எத்தனை தடவை கேட்டிருப்பே. உன் கேள்வி எங்கேருந்து வருதுன்னு எனக்குப் புரியாம இல்லை.

இப்போ கடைசி நாட்களுக்கு வரேன். விழலை, வலியில்லை, பெரிசா நோவுன்னு எதுவும் இல்லை. ஒருநாள் காலையில எந்திரிக்க முடியலைன்னு சொன்னாங்க, அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்துட்டு, வயசாச்சு, இனிமே பக்கத்துல இருங்கன்னு சொல்லிட்டுப் போனார், அதையும் அவங்க காதுல விழற மாதிரிதான் சொன்னார். முன் ரூம்ல, கடை தெரியற ஜன்னலுக்குப் பக்கத்துல கட்டிலைப் போட்டோம். புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது. மறுநாள் காலையில தையல்காரரை வரச்சொல்லுன்னு கேட்டாங்க. கடைசியாப் பார்க்க ஆசைப்படுறாங்கன்னு அவரும் ஒரு பை பழத்தோட, வர்ற வழியிலேயே கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்தார். கட்டில் பக்கத்துல வந்து குனிஞ்சார். உன் மூத்த பையன் கல்யாணத்துக்கு வந்த மடக்கு நாற்காலி ரெண்டு எங்கேன்னு கேட்டாங்க. அந்தப் பையனுக்கே இப்போ மருமகன் வந்தாச்சு. தையல்காரருக்கு வந்த அழுகை வந்த வழியே திரும்பிப் போச்சு. அப்பவே கொடுத்துட்டேன் அக்கான்னு சத்தியம் பண்ணினார். சரி, வீட்டுல போய்ப் பாருன்னாங்க, பழத்தை மட்டும் இருக்கட்டும்னு வாங்கி வச்சுக்கிட்டாங்க. அன்னையிலேருந்து தினம் ஒருத்தர். ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர் ஒரு சின்ன உரையே தயார் பண்ணிட்டு வந்தார், அவர்கிட்ட பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போன பெரிய விரிப்பைக் கேட்டாங்க. பல் டாக்டரைக் கேட்டாங்க, பூக்கடைக்காரம்மாவைக் கேட்டாங்க. வந்தவங்க எல்லாரும் கலங்கிப் போய் உள்ளே வந்தாங்க, முழிச்சுக்கிட்டே வெளியே போனாங்க. வாசல்ல நின்னு அனுப்பி வைக்கிற எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, சாகக் கிடக்கிற வீட்டுல சிரிக்கிறாளேன்னு ஊர் பேசுமேன்னு முந்தானையை வாயில வச்சுக்கிட்டேன்.

வெளியாள் தீர்ந்ததும் வீட்டு ஆளுங்க. சித்தப்பாகிட்ட ஏணி, உங்கப்பாகிட்ட டார்ச் லைட்டு. என்னைக் கூப்பிட்டு, துவைக்கிற தொட்டிக்கு மூடியா வச்சிருக்கிறது நம்ம பெரிய அண்டாவோட மூடிதானேன்னு கேட்டாங்க. பின்கட்டுப் பக்கம் அவங்க வந்தே வருஷக்கணக்காச்சு, எப்படித்தான் தெரிஞ்சதோ. எல்லாரும் வந்தாச்சு, எல்லாரையும் கேட்டாச்சு, உன்னை மட்டும் கேட்கலை. முதல்ல நான் அதைக் கவனிக்கலை. கவனிச்சதுலேருந்து, இன்னைக்குக் கேட்பாங்க, நாளைக்குக் கேட்பாங்கன்னு பார்த்தேன். நானே சும்மா சும்மா உன் பேச்சை எடுத்தேன். பிள்ளை போன் பண்ணினா அண்ணின்னு சொன்னேன், சரின்னாங்க. அங்கே குளிர் ஆரம்பிச்சிருச்சாம்னு சொன்னேன், ம்னாங்க. உங்கப்பாவும் பார்த்துக்கிட்டேதான் இருந்தார், ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிக்கலை. நீ போன்ல கேட்டதும் அவர் தண்ணித் தொட்டிக்கு ஓடினது அதனாலதான். பாவம், அவருக்குப் பொய்யும் வராது, உண்மையைச் சொல்ற தைரியமும் கிடையாது. அந்த வாரக் கடைசியில ஒருநாள் காலையில பாதி டீ குடிச்சாங்க, மீதியை அப்புறம் குடிக்கிறேன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினாங்க. அவ்வளவுதான்மா. அந்த டம்ளரைக் கழுவ எனக்கு மனசே வரலை. சண்டை போட ஆள் இல்லாத வீடு எனக்கு வீடாவே இல்லை, இதை நான் உங்கப்பாகிட்ட கூடச் சொல்லலை.

அடுத்து நடந்ததைக் கேட்டா நம்ப மாட்டே. ஊரே கேட்டதால, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நம்ம வீட்டு வாசல் தெருவுல நினைவுக் கூட்டம்னு சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை சித்தப்பா முகம் வெளுத்துப் போய் வந்து நிக்கிறார். அதே ஞாயித்துக்கிழமை பெரிய கல்யாணம் ஒண்ணுக்கு, கடையில இருக்கிற அத்தனை நாற்காலியும் அனுப்புறதா அவர் எப்பவோ வாக்குக் கொடுத்திருக்கார், துக்கத்துல மறந்தே போச்சு. ஊரையே உட்கார வச்ச மனுஷியோட கூட்டத்துக்கு ஒரு நாற்காலி இல்லை. அந்தக் கல்யாண வீட்டுக்காரங்க நல்லவங்க, பாதியை நீங்களே வச்சுக்கோங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. உங்கப்பா ஒத்துக்கலை. அனுப்புறேன்னு சொன்ன சாமானை அனுப்பலைன்னா அக்கா எந்திரிச்சு வந்து என் காதைப் பிடிப்பாங்கன்னுட்டார். பக்கத்து ஊர்க் கடையில வாங்கலாம்னு நான் சொன்னேன், அண்ணனும் தம்பியும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, நான் ஏதோ கொலை பண்ணச் சொன்ன மாதிரி. வேற வழியில்லை, உட்கார அவங்கவங்க நாற்காலி கொண்டு வரணும்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தோம். எனக்கு மானம் போச்சு. ஆனா ஜனங்க கொண்டு வந்தாங்கம்மா. தலையில வச்சுக்கிட்டு வந்தாங்க, ஸ்கூட்டர் பின்னால கட்டிக்கிட்டு வந்தாங்க, புருஷன் ஒரு கால் பொண்டாட்டி ஒரு கால்னு பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. மரம், இரும்பு, பிளாஸ்டிக்னு தெரு நிறைஞ்சு போச்சு.

ஹெட்மாஸ்டர்தான் முதல்ல பேசினார். அன்னைக்குப் பேச முடியாத உரையை இன்னைக்கு நீட்டி முழக்கினார். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவர், தன் பொருளை யாருக்கும் விட்டுக் கொடுக்காதவர்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நம்ம லோடு வண்டிக்காரருக்கு, எங்கேயாவது காலியா ஒரு நாற்காலி கிடந்தாக் கை சும்மா இருக்காது. ஹெட்மாஸ்டர் எழுந்து நின்னு பேசுறதால அவர் நாற்காலி காலி. பழக்கத்துல அதைத் தூக்கிக் கவிழ்த்துட்டார். அடியில சிவப்பு வட்டம், வெள்ளைக் கோடு. ஹெட்மாஸ்டருக்குப் பேச்சு நின்னு போச்சு. அப்புறம் தையல்காரர் மெதுவா எந்திரிச்சுத் தன் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார், அட, இதானான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். அவ்வளவுதான், ஒவ்வொருத்தரா எந்திரிக்கிறாங்க, கவிழ்க்கிறாங்க. பூக்கடைக்காரம்மாவோடது நம்ம நாற்காலி. பேங்க்லேருந்து வந்ததும் நம்ம நாற்காலி. பல் டாக்டர் பச்சை பெயிண்ட் அடிச்சிருந்தார், நகத்தால சுரண்டினாச் சிவப்பு எட்டிப் பார்க்குது. எல்லாம் திருட்டு இல்லைம்மா, கல்யாணம் முடிஞ்ச அசதியில ஒண்ணு ரெண்டு வீட்டுல தங்கிடும், வருஷம் ஓடினா அது நம்ம வீட்டு நாற்காலின்னே நினைப்பாயிடும். தெருவே கவிழ்ந்து கிடக்குது. நான் கெக்கெக்கேன்னு சிரிச்சேன், திரும்பிப் பார்த்தா உன் தாய்மாமா, என் சொந்தத் தம்பி, எங்க வீட்டுலேருந்து தூக்கிட்டு வந்த நாற்காலியைக் கையில பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். அதுலயும் வட்டம். எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்ததுல ஒண்ணு இல்லை, ரெண்டு எங்க வீட்டுல தங்கியிருக்கு. அதையும் தெரிஞ்சுக்கிட்டேதான் அவங்க இத்தனை வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்காங்க. உங்கப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், ஊரே சிரிக்குது, எனக்கும் சிரிப்புதான் வந்தது, அது எப்போ அழுகையாச்சுன்னு தெரியலை. அவங்க போன அன்னைக்குக் கூட நான் அப்படி அழலை.

கூட்டம் முடிஞ்சு ஒருத்தரும் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போகலை. பக்கத்து வீட்டுக்காரர் அவரே காசு கொடுத்து வாங்கினதைக் கூட வெட்கப்பட்டு விட்டுட்டுப் போயிட்டார், மறுநாள் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் போன நாற்காலிகளும் திரும்பி வந்துருச்சு. இப்போ நம்ம வீட்டுல நாற்காலியைத் தாண்டாம சமையல்கட்டுக்குப் போக முடியலை, குளிக்கிற ரூமுக்குப் போற வழியில அடுக்கி வச்சிருக்கு, உங்கப்பா அவசரத்துல போய் முட்டிக்கிறார். நானும் காலையில கடைக்குப் போய் உட்கார ஆரம்பிச்சிருக்கேன். சித்தப்பா ஒருத்தரை நம்பி விட்டா ஒரே நாள்ல ரெண்டு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்துட்டு நிப்பார். போன வாரம் அப்பா முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன், நர்ஸ் உட்காருங்கன்னு சொன்னா, நான் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. என் தலையெழுத்து.

சரி, உன் கேள்வி. அவங்க போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, மத்தியானம் ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு அதுக்கு மேல பொறுக்கலை. கேட்டே விட்டேன். ஊர்ல இருக்கிற எல்லாரையும் கேட்டுட்டீங்க அண்ணி, ஏணியைக் கேட்டீங்க, டார்ச் லைட்டைக் கேட்டீங்க, ஓட்டை மூடியைக் கூட விடலை, நம்ம பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கலையே, அவ மேல அப்படி என்ன கோபம்னு கேட்டேன். கோபத்துலதான் கேட்டேன், குரல் உயர்ந்துதான் போச்சு. அவங்க வாயில இருந்த கஞ்சியை முழுங்கிட்டு, இத்தனை வருஷம் கடை வீட்டுல இருந்தும் இவளுக்கு ஒண்ணும் தெரியலையேங்கிற மாதிரி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க. வாடகைக்கு விட்டதைத்தானே கேட்கணும், அவளை நான் கொடுத்துல்ல அனுப்பினேன், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறது மரியாதையான்னு சொன்னாங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, அன்னைக்கு வாசலுக்கு வந்திருந்தா எண்ணியிருப்பேன், அதான் வரலைன்னு சொன்னாங்க. அப்புறம் கஞ்சியில உப்பு இல்லைன்னு சொன்னாங்க. உப்பு இருந்தது.

அதனால உண்மையைச் சொல்றேன், உன்னைக் கேட்கலைம்மா. ஒரு கரண்டியைக் கூடக் கேட்காம விடாத மனுஷி, உன்னை ஒருத்தியைத்தான் கேட்கலை. நீ இனிமே அழறதா இருந்தா இதை நினைச்சு அழு, அது வேற அழுகை, அதுக்கு நான் குறுக்கே வர மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோ. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ, தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வெளியே போகாதே, ரூம்ல கூடத் தங்கியிருக்கிற பொண்ணோட சண்டை போட்டாலும் அன்னைக்கே பேசிடு. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், முழங்காலைப் பத்தியும் எழுதச் சொன்னார், முதல் வரியிலேயே எழுதிட்டேன்னு சொல்லிட்டேன். சித்தப்பாவும் லோடு வண்டிக்காரரும் விசாரிச்சாங்க. நீ எங்கே இருந்தாலும் நிறைஞ்சு இருக்கணும், நல்ல பேரோட இருக்கணும், அது போதும் எனக்கு.

போதும்னு எழுதிட்டேன், போதாது. பெரியத்தை பெரிய மனசுக்காரங்க, கொடுத்துட்டாங்க. அது அவங்க பாடு. நான் கொடுக்கலை. நான் வாடகைக்குத்தான் விட்டிருக்கேன், அதனால எனக்குக் கேட்கிற உரிமை இருக்கு, கேட்கிறேன். எப்போ வர்றே?

உன் வரவை எண்ணிக்கிட்டு வாசல்ல நிக்கிற,
அம்மா